ஆண் நாய்க்கு வீடியோ கேம் பெயர்: பட்டியல் முதல் பதிவு வரை

வீடியோ கேம்களோடு வளர்ந்த ஒருவரின் வீட்டுக்கு ஆண் நாய்க்குட்டி வந்தால் பெயருக்குப் பஞ்சமே இராது. பஞ்சம் இல்லாததுதான் சிக்கல். எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கதாபாத்திரத்தைப் பிடித்துக்கொண்டதில், தடுப்பூசி அட்டையில் ஒரு பெயரும், மைக்ரோசிப் (தோலுக்கடியில் பொருத்தும் அடையாளச் சில்லு) பதிவில் அதே பெயரின் வேறோர் எழுத்துக்கூட்டலும், வாய்வழக்கில் மூன்றாவதாக ஒன்றுமாகக் குட்டியின் முதல் சில மாதங்கள் ஓடின. அவற்றை ஒன்றாக்குவதற்குப் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். பெயர் என்பது உங்களுக்கு ஒரு விளையாட்டின் நினைவு, நாய்க்கு ஓர் ஒலி, பதிவு செய்பவருக்குப் படிவத்தில் சில எழுத்துகள். இவை ஒன்றோடொன்று மோதும்போது நாயின் பக்கம் நின்று முடிவெடுத்தால் பெரும்பாலும் பின்னால் வருந்த வேண்டியிராது.

1. எப்போது முடிவெடுப்பது

குட்டிகளைப் பொதுவாக 8 வாரம் நிறைந்த பிறகே தாயிடமிருந்து பிரிப்பார்கள். முதல் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடரும். ஆகவே குட்டி உங்கள் கைக்கு வந்த சில நாட்களிலேயே கால்நடை மருத்துவரிடம் செல்ல நேரிடும். அங்கே முதல் கேள்வியே பெயர்தான். அந்த இடத்தில் யோசித்துச் சொல்லும் பெயர் அட்டையில் ஏறிவிட்டால், அதன்பின் வரும் காகிதங்கள் எல்லாம் அதையே பார்த்து எழுதப்படும்.

எனவே பட்டியல் தயாரிப்பதையும், வீட்டாருடன் வாதிடுவதையும், உரக்கக் கூப்பிட்டுப் பார்ப்பதையும் குட்டி வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். குட்டி வரும்போது இரண்டு அல்லது மூன்று பெயர்கள் மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும். அதன் முகத்தையும் குணத்தையும் பார்த்து ஓரிரு நாளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஓரிரு நாளும் அதை எந்தப் பெயராலும் அழைக்காமல் நாவால் ஒலியெழுப்பியோ கைதட்டியோ கூப்பிடுவது நல்லது. ஒரே வாரத்தில் மூன்று பெயர்களைக் கேட்கும் குட்டிக்கு அவற்றில் எதுவுமே தன்னுடையதாகப் படாது.

2. எந்த விளையாட்டிலிருந்து எடுக்கக் கூடாது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விதியை மட்டும் நீங்கள் கடைப்பிடிப்பதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்: இப்போது நீங்கள் அன்றாடம் விளையாடிக்கொண்டிருக்கும் விளையாட்டிலிருந்து பெயர் எடுக்காதீர்கள்.

காரணம் நாயின் காதில் இருக்கிறது. 2020இல் வெளிவந்த வாலரண்ட் போன்ற குழு விளையாட்டுகளில் "சோவா அங்கே", "ஓமன் பின்னால்" என்று ஒரே மாலையில் எத்தனையோ முறை கத்துகிறோம். நாயின் பெயரும் சோவா என்றால், அது முதல் சில நாட்கள் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து பார்க்கும்; நீங்களோ திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டீர்கள். கூப்பிட்டுவிட்டு எதுவும் தராத ஒலியை நாய் வெகுவிரைவில் புறக்கணிக்கக் கற்றுக்கொள்ளும். தெருவில் வண்டி வரும்போது நீங்கள் அதே பெயரைக் கத்தினாலும் அது திரும்பாமல் போகலாம். ஹெட்செட் அணிந்து விளையாடுவதால் இந்தச் சிக்கல் தீராது. விளையாட்டின் ஒலிதான் மறையுமே தவிர உங்கள் குரல் அறையில் கேட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம், தொடர்ந்து புதுப்பிக்கப்படும் இணைய விளையாட்டுகளின் நிலையாமை. ஓவர்வாட்ச் விளையாட்டில் மெக்ரீ என்ற பெயரில் பல ஆண்டுகள் இருந்த துப்பாக்கி வீரனுக்கு 2021இல் கோல் காசிடி என்று பெயரையே மாற்றினார்கள். அந்தப் பெயரை நாய்க்கு வைத்திருந்தவர்கள் தங்கள் நாயின் பெயரை மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு புதியவருக்கும் அந்தக் கதையை விளக்க வேண்டியிருந்திருக்கும். நாய் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. அதற்குள் ஒரு விளையாட்டின் சேவையகமே மூடப்பட்டுவிடலாம்.

மூன்றாவது, கதை முடியாத விளையாட்டு. பாதிக் கதையில் உங்களைக் கவர்ந்த தோழன் இறுதியில் துரோகியாகலாம், அல்லது உங்கள் கையாலேயே சாகலாம். 2011இல் வந்த டார்க் சோல்ஸில் சிஃப் என்ற பெரிய சாம்பல் நிற ஓநாயைப் பார்த்தவுடன் பெயரைக் குறித்துக்கொள்பவர்கள் உண்டு; அந்த ஓநாயோடு சண்டையிட்டு அதை வீழ்த்திய பிறகும் அந்தப் பெயரை அன்றாடம் கூப்பிட மனம் வருமா என்பது அவரவரைப் பொறுத்தது. முடித்துவிட்ட விளையாட்டு, கூடுமானால் முடித்துச் சில ஆண்டுகள் ஆன பிறகும் நினைவில் நிற்கும் விளையாட்டு, அதுதான் நம்பகமான ஊற்று.

3. பட்டியல் தயாரித்தல்

பெரும்பாலானோர் நாயகர்களில் தொடங்கி நாயகர்களிலேயே நின்றுவிடுகிறார்கள். மாரியோ, லூயிஜி, லிங்க், சோனிக், கிரேட்டோஸ், எட்சியோ, கிளவுட், டான்டே, ரியூ ஆகியவை எல்லாப் பட்டியலிலும் முதலில் வரும் பெயர்கள். அவற்றில் குறையொன்றும் இல்லை. ஆனால் நாய்கள் கூடும் பூங்காவில் நீங்கள் "மாரியோ" என்று கூப்பிடும்போது இன்னொரு மாரியோவும் ஓடிவரக்கூடும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கணிப்பில், விளையாட்டுகளில் வரும் நாய்களின் பெயர்களே முதலில் பார்க்க வேண்டியவை. அவற்றில் பல, விளையாட்டுக்குள்ளேயே ஒருவர் உரக்கக் கூப்பிடுவதற்காக வைக்கப்பட்டவை என்பதால் குட்டையாகவும் தெளிவாகவும் இருக்கின்றன. 2013இல் வந்த ஜிடிஏ 5 விளையாட்டில் வரும் ராட்வீலரின் பெயர் சாப்; ஒரே அசை, ஒரே அடி, எவ்வளவு தொலைவிலும் கேட்கும். அதே 2013இல் வந்த கால் ஆஃப் டியூட்டி: கோஸ்ட்ஸ் விளையாட்டின் ஜெர்மன் ஷெப்பர்ட் ரைலி. 1990இல் வெளியான மெகா மேன் 3 விளையாட்டில் வரும் இயந்திர நாய் ரஷ், ஓயாமல் ஓடும் குட்டிக்கு அப்படியே பொருந்தும். கோஸ்ட் ட்ரிக் விளையாட்டின் பொமரேனியன் மிசைல், சிறிய உடலுக்குள் பெரிய ஆர்ப்பாட்டம் உள்ள நாய்களுக்கானது. பெர்சோனா 3 விளையாட்டின் வெள்ளை ஷிபா நாய் கோரோமாரு. முழுப்பெயர் நீளம், கோரோ என்று சுருக்கினால் அழகு. ஸ்கைரிம் விளையாட்டில் மீக்கோவும் பார்பஸும் இருக்கிறார்கள். அனிமல் கிராசிங்கில் இசபெல்லின் இரட்டைச் சகோதரன் டிக்பி. ஃபைனல் ஃபேன்டசி 16 விளையாட்டில் நாயகனுடன் குட்டிப் பருவத்திலிருந்தே வளரும் டோர்கல், பெரிய இன ஆண் நாய்க்கு எனக்கு மிகவும் பிடித்த தேர்வு.

இதே வகையில் ஒரு பொறியும் உண்டு. ஃபால்அவுட் தொடரின் புகழ்பெற்ற நாயான டாக்மீட், 1997இல் வந்த முதல் விளையாட்டிலிருந்தே ரசிகர்களின் செல்லம். ஃபால்அவுட் 4க்காக அந்த நாயின் அசைவுகளுக்கும் குரலுக்கும் ரிவர் என்ற உண்மையான ஜெர்மன் ஷெப்பர்ட் துணைநின்றது. ஆனால் அந்தத் தொடரை அறியாத ஒருவருக்கு டாக்மீட் என்பது நாய்க்கறி என்று மட்டுமே கேட்கும். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் அழைக்கும்போது எல்லாத் தலைகளும் உங்களை நோக்கித் திரும்பும். ரசிகர்களுக்கு மட்டும் புரிந்தால் போதும் என்றால் ரிவர் என்றே வைத்துவிடலாம்; அது பெண் நாயின் பெயராக இருந்தாலும் ஒலியில் ஆண் நாய்க்கும் ஒத்துவருகிறது.

துணைக் கதாபாத்திரங்களை அடுத்துப் பாருங்கள். யோஷி (1990இல் சூப்பர் மாரியோ வேர்ல்டில் அறிமுகம்), காட் ஆஃப் வார் தொடரின் அட்ரியஸ், டெக்கனின் ஜின், ஸ்ட்ரீட் ஃபைட்டரின் கென் என்று நிறையக் கிடைக்கும். கதாபாத்திரமே வேண்டாம் என்பவர்களுக்கு விளையாட்டுலகின் பொதுச் சொற்கள் உள்ளன: பிக்சல், டர்போ, நைட்ரோ, காம்போ, பாஸ், ரோக், அட்டாரி. இவற்றின் நன்மை, விளையாட்டை அறியாதவருக்கும் இயல்பாகவே படுவது. பாஸ் என்ற பெயரை மட்டும் வீட்டில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று முடிவான பிறகு வைக்கவும்.

4. அது ஆண் பெயர்தானா என்று பார்த்தல்

நாய்க்குத் தன் பெயர் ஆணா பெண்ணா என்ற கவலை கிடையாது. கவலை, படிவத்தில் பாலினக் கட்டத்தைப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்து "சரியாகத்தான் நிரப்பினீர்களா" என்று கேட்பவர்களுக்கும், விளையாட்டை அறிந்த நண்பர்களுக்கும்தான். எனவே இறுதிப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை சரிபாருங்கள்.

அடிக்கடி தவறும் பெயர்கள் சில. 1986இல் வந்த மெட்ராய்டில் கவசத்துக்குள் இருக்கும் சாமஸ் ஒரு பெண்; அந்த விளையாட்டின் முடிவே அதைக் காட்டுவதுதான். அதே ஆண்டு வந்த செல்டா விளையாட்டில் பச்சைச் சட்டை அணிந்த வீரன் லிங்க். செல்டா இளவரசியின் பெயர். தி விட்சர் தொடரில் கெரால்ட் ஏறிவரும் ரோச் ஒரு பெண் குதிரை. ஓகாமி விளையாட்டின் வெள்ளை ஓநாய் அமத்தெராசு, ஜப்பானிய சூரிய தேவியின் வடிவம். அந்த அழகை விட மனமில்லாதவர்கள், அடுத்து வந்த ஓகாமிடென் விளையாட்டில் அதன் மகனாக வரும் குட்டியின் பெயரான சிபிதெராசுவை எடுத்துச் சிபி என்று சுருக்கிக்கொள்ளலாம்.

போக்கிமான் பெயர்கள் இந்தச் சிக்கலுக்கு அப்பாற்பட்டவை. பிக்காச்சு, லூக்காரியோ, ராக்ரஃப், குரோலித் எல்லாம் இனங்களின் பெயர்கள். அந்த இனங்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு.

5. ஒலிச் சோதனை

பயிற்சியாளர்கள் பொதுவாக ஓரசை அல்லது ஈரசைப் பெயர்களைப் பரிந்துரைக்கிறார்கள். யோஷி, மீக்கோ, டர்போ, டான்டே ஆகியவை அந்த அளவுக்குள் நிற்கும். நீண்ட பெயர் வேண்டுமென்றால் அதன் சுருக்கத்தை நீங்களே முதலில் முடிவு செய்யுங்கள். செஃபிரோத்தை ஒருவர் செஃபி என்றும் இன்னொருவர் ரோத் என்றும் கூப்பிடும் வீட்டில் நாய்க்கு இரண்டு பெயர்கள் ஆகிவிடுகின்றன. நாயைப் பொறுத்தவரை சுருக்கம்தான் பெயர். முழுப்பெயர் காகிதத்துக்கு மட்டுமே.

அடுத்து, கட்டளைச் சொற்களோடு மோதுகிறதா என்று பாருங்கள். ஃபைனல் ஃபேன்டசி தொடரில் விளையாட்டுக்கு விளையாட்டு திரும்பத் திரும்ப வரும் பெயர் சிட். அருமையான பெயர், ஆனால் உட்காரச் சொல்லும் "சிட்" என்ற கட்டளையிலிருந்து அதை எந்த நாயாலும் பிரித்தறிய முடியாது. நீங்கள் தமிழில் கட்டளையிடுபவர் என்றால் சிட் பிழைத்துக்கொள்ளும், ஆனால் வாரியோ அடிபடும். அதன் முதல் அசையே "வா". நியோ, நோவா போன்றவை "நோ" என்ற தடைச்சொல்லோடு உரசும். ரே என்பது "ஸ்டே"யோடு உரசும். முதலில் உங்கள் வீட்டில் எந்த மொழியில் எந்தக் கட்டளைகள் இருக்கப் போகின்றன என்று எழுதிக்கொண்டு, அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பெயர்ப் பட்டியலைப் படியுங்கள்.

விளையாடுபவர்களின் வீட்டுக்கே உரிய இன்னொரு மோதலும் உண்டு. நாயை அருகில் ஒட்டி நடக்கச் சொல்லும் கட்டளை "ஹீல்". படுக்கச் சொல்லும் கட்டளை "டவுன்". குழு விளையாட்டில் மருத்துவப் பொறுப்பு எடுத்தவரைப் பார்த்து நாம் கத்துவதும் "ஹீல்", எதிரி விழுந்தால் கத்துவதும் "டவுன்". பெயரை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் இந்த இரண்டு சொற்களும் அன்றாடம் அறையில் பறக்குமானால், கட்டளைகளைத் தமிழில் வைத்துக்கொள்வதே உத்தமம்.

கடைசியாக வாய்ச் சோதனை. பெயரைக் கிசுகிசுப்பாகவும், இயல்பாகவும், திறந்த வெளியில் முழுக் குரலிலும் தொடர்ச்சியாகச் சொல்லிப் பாருங்கள். முழுக் குரலில் உடைந்துபோகும் பெயர்கள் இருக்கின்றன. மெய்யெழுத்துகள் நெருக்கியடிக்கும் கிரேட்டோஸ், பிரிம்ஸ்டோன் போன்றவை நான்காம் முறைக்குள் வாயில் குழையும். வீட்டில் பாட்டியோ சிறு குழந்தையோ இருந்தால் அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் வாயில் வரும் வடிவம்தான் நாளடைவில் நிலைக்கும் என்பதால், அந்த வடிவம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் பெயரையே மாற்றிவிடுங்கள்.

6. வீட்டாரும் வெளியாரும்

சில பெயர்கள் ஒலியில் தேறினாலும் ஊர் நடுவே தேறாது. ஃபைனல் ஃபேன்டசியில் பனியை ஏவும் சக்தியாக 1990இல் அறிமுகமான கதாபாத்திரத்தின் பெயர் சிவா. அது பெண் உருவம் என்பது ஒருபுறமிருக்க, தெருவில் நாயை அந்தப் பெயரால் விரட்டுவதைக் கேட்பவர்களிடம் விளையாட்டின் வரலாற்றைச் சொல்லித் தப்ப முடியாது. எந்த மதமாக இருந்தாலும் வழிபாட்டுக்குரிய பெயர்களை ஒதுக்கிவிடுங்கள்.

ஜோயல், ஆர்தர், லியோன், கிறிஸ் ஆகியவை புகழ்பெற்ற விளையாட்டு நாயகர்களின் பெயர்கள். உறவிலோ அண்டை வீட்டிலோ அதே பெயரில் மனிதர்களும் இருக்கலாம். அவர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றாலும் மனத்தில் வைத்துக்கொள்வார்கள். ரீப்பர், டயாப்லோ, கில்லர் போன்றவை, நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், வாடகை வீட்டு உரிமையாளரிடமோ நாய்க் காப்பகத்திலோ முதல் பார்வையிலேயே ஒரு சந்தேகத்தைக் கிளப்பும். பாம்ப் என்ற பெயரை விமான நிலையத்தில் உரக்கச் சொல்ல நேர்வதை எண்ணிப் பாருங்கள், போதும். யோஷி விளையாட்டில் வரும் சாதுவான நாயின் பெயரைத் தமிழ் வீட்டில் சொன்னால் பூச்சி என்று ஆகிவிடும். அதை ரசிக்கிற வீடும் இருக்கலாம், அவரவர் விருப்பம்.

7. ஆவணங்கள்

பெயர் முடிவானதும், எதையும் பதிவதற்கு முன், ஒரு தாளில் மூன்று வரிகள் எழுதுங்கள்: அழைக்கும் பெயர், தமிழில் அதன் வடிவம், ஆங்கில எழுத்தில் அதன் எழுத்துக்கூட்டல். விளையாட்டுப் பெயர்களுக்கு இது மிக அவசியம், ஏனென்றால் படிவத்தை நிரப்புபவர் தமக்குப் பழகிய பெயராக அதைத் திருத்திவிடுவார். கெரால்ட் என்று நீங்கள் சொன்னால் ஜெரால்ட் என்று பதிவாகும். ஜின் என்பது ஜீன் ஆகும். எட்சியோ என்ன ஆகும் என்று சொல்லவே முடியாது. வாயால் சொல்லாமல் தாளைக் காட்டுங்கள். எழுதி முடித்ததும் அங்கேயே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

முதலாவது, தடுப்பூசி அட்டை. நாயின் வாழ்நாள் முழுவதும் மற்ற எல்லாரும் பார்த்து எழுதும் மூல ஆவணம் இதுதான் என்பதால் இங்கே நேரும் பிழை எல்லா இடத்துக்கும் பரவும்.

இரண்டாவது, மைக்ரோசிப் பதிவு. பலர் நினைப்பதுபோல அரிசியளவே உள்ள அந்தச் சில்லுக்குள் நாயின் பெயரோ உங்கள் முகவரியோ இருப்பதில்லை. ஐஎஸ்ஓ 11784, 11785 என்ற சர்வதேசத் தரத்தின்படி அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டுமே. பெயரும் தொடர்பு விவரங்களும் அந்த எண்ணுக்கு எதிராகத் தரவுத்தளத்தில் பதியப்படுகின்றன. இதில் நல்ல செய்தி, பெயரை மாற்ற வேண்டியிருந்தால் சில்லைத் தொட வேண்டியதில்லை, பதிவைத் திருத்தினால் போதும். கெட்ட செய்தி, சில்லைப் பொருத்தியவர் பதிவையும் செய்துவிட்டார் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். சில இடங்களில் உரிமையாளரே தனியாகப் பதிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் எண்ணைத் தரவுத்தளத்தில் தேடி, உங்கள் தொலைபேசி எண் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, உள்ளாட்சி உரிமம். நாய்க்கு உரிமம் கட்டாயமாக உள்ள இடங்களில் அதற்குத் தடுப்பூசிச் சான்றைக் கேட்பது வழக்கம். இரண்டிலும் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்தால் கேள்வி எழாது.

நான்காவது, தூய இன நாயாக இருந்தால் கென்னல் கிளப் (தூய இன நாய்களைப் பதியும் அமைப்பு) பதிவு. இங்கே பதிவுப் பெயர் வேறு, அழைக்கும் பெயர் வேறு. பதிவுப் பெயரில் வளர்ப்பாளரின் கென்னல் (நாய்ப் பண்ணை) பெயர் சேர்ந்திருப்பது வழக்கம். பல வேளைகளில் குட்டி உங்களிடம் வருமுன்பே அது பதியப்பட்டிருக்கும். எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. எண்களையும் நிறுத்தற்குறிகளையும் ஏற்காத கிளப்புகளும் உண்டு என்பதால் எண்ணோடு கூடிய விளையாட்டுப் பெயர்களை அப்படியே பதிய முடியாமல் போகலாம். பிரான்ஸில் குட்டி பிறந்த ஆண்டுக்கு ஓர் எழுத்து என்ற முறை இருக்கிறது. 2025க்கான எழுத்து ஏ என்பதால், அட்ரியஸ் விரும்பிகளுக்கு அது நல்ல ஆண்டாக அமைந்தது. பதிவுப் பெயரில் உங்கள் விருப்பம் இடம்பெற வேண்டும் என்றால், குட்டியை முன்பதிவு செய்யும்போதே வளர்ப்பாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். அவர் மறுத்தால் மனம் தளர வேண்டியதில்லை. வீட்டில் கூப்பிடும் பெயரைத் தீர்மானிக்கும் உரிமை உங்களிடமே இருக்கிறது.

ஐந்தாவது, பயண ஆவணம். எடுத்துக்காட்டாக ஐரோப்பிய ஒன்றிய விதிகளின்படி மைக்ரோசிப் பொருத்திய பிறகு, குறைந்தது 12 வார வயதில் போடப்பட்ட ரேபிஸ் தடுப்பூசியே கணக்கில் கொள்ளப்படும். முதல் ஊசிக்குப் பின் 21 நாள் காத்திருக்கவும் வேண்டும். அடையாளம் சில்லு எண்ணால்தான் உறுதியாகிறது என்றாலும், ஒரு காகிதத்தில் யோஷியும் மறு காகிதத்தில் ஜோஷியும் இருந்தால் வரிசையில் நின்று விளக்க வேண்டியவர் நீங்கள்தான். பயணத்துக்கு முன் எல்லாக் காகிதத்தையும் ஒரே மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள்.

8. செலவு

பெயர் வைப்பதற்குக் காசு கிடையாது, மாற்றுவதற்குத்தான் உண்டு. சில மைக்ரோசிப் தரவுத்தளங்கள் திருத்தத்துக்குக் கட்டணம் கேட்கும். கென்னல் கிளப்பில் பதிந்த பெயரை மாற்ற அனுமதி இருந்தால் அதற்குத் தனிக் கட்டணம். புதுச் சான்றிதழ் அச்சிட இன்னொன்று. பெயர் தைத்த கழுத்துப்பட்டை, பெயர் பொறித்த கிண்ணம், படுக்கை ஆகியவற்றைத் திருப்பிக்கொடுக்க முடியாது என்பதால், பெயருக்கு நாய் தலையைத் திருப்பத் தொடங்கும் வரை அவற்றை வாங்காமல் பொறுத்திருங்கள்.

முதல் நாளே வாங்க வேண்டியது உங்கள் தொலைபேசி எண் பொறித்த, கழுத்துப்பட்டையில் தொங்கவிடும் எளிய வில்லை. அதில் நாயின் பெயர் இருக்க வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. பிரிட்டன் போன்ற இடங்களில் சட்டம் கேட்பது உரிமையாளரின் பெயரும் முகவரியும்தான். எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடும் கடைகளில் கோரோமாருவை விட சாப் மலிவு.

செலவில் சேராத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாயின் பெயரைக் கடவுச்சொல்லாகவோ பாதுகாப்புக் கேள்விக்கு விடையாகவோ வைப்பவர்கள் ஏராளம். உங்கள் விளையாட்டுக் கணக்கின் பெயரும் நாயின் பெயரும் ஒன்றாக இருந்து, நாயின் படங்களையும் நீங்கள் பகிர்ந்து வருபவர் என்றால், அந்தக் கணக்கின் பூட்டைத் திறந்தே வைத்திருக்கிறீர்கள்.

9. பெயரைப் பழக்குதல்

அமைதியான அறையில், குட்டி வேறெங்கோ பார்க்கும்போது பெயரை ஒரே ஒருமுறை சொல்லுங்கள். அது திரும்பிப் பார்த்த கணமே பாராட்டி ஒரு சிறு தின்பண்டம் கொடுங்கள். திரும்பவில்லை என்றால் பெயரை அடுக்காமல், நாவொலி எழுப்பிக் கவனத்தைப் பெற்று, சற்றுப் பொறுத்து மீண்டும் ஒருமுறை சொல்லுங்கள். ஓரிரு நிமிடத்துக்குமேல் நீட்ட வேண்டாம். நாளுக்குச் சில முறை போதும். அறைக்குள் தேறியதும் முற்றத்துக்கும், பிறகு வெளியிடத்துக்கும் போங்கள்.

கண்டிக்கும்போது பெயரைச் சொல்லாதீர்கள். குளிப்பாட்டவும் நகம் வெட்டவும் பெயர் சொல்லி அழைத்துப் பிடிக்காதீர்கள். நீங்களே எழுந்து போய்த் தூக்கிவாருங்கள். பெயருக்குப் பின் எப்போதும் நல்லது வரும் என்ற கணக்கு முதல் மாதங்களில் உடையாமல் இருக்க வேண்டும். விளையாடும் நேரத்தில் நாயை வேறு அறையில் விடுவதும் இந்தக் கணக்கைக் காக்கும், குறிப்பாக என் இரண்டாம் படியை மீறியவர்களுக்கு.

10. ஏற்கெனவே பெயருள்ள நாய் என்றால்

காப்பகத்திலிருந்து வளர்ந்த ஆண் நாயை எடுத்து வருபவர்கள் தயங்க வேண்டியதில்லை. வளர்ந்த நாயும் புதுப் பெயரைக் கற்றுக்கொள்ளும். முதலில் புதுப் பெயரைச் சொல்லி உடனே பழைய பெயரைச் சொல்லுங்கள், திரும்பினால் தின்பண்டம் கொடுங்கள். சில வாரங்களில் புதுப் பெயர் கேட்டதுமே, பழையது வருமுன், அது திரும்பும். அன்றிலிருந்து பழையதை விட்டுவிடலாம். பழைய பெயருக்கு ஒலியில் அருகே உள்ள விளையாட்டுப் பெயர் கிடைத்தால் இது இன்னும் எளிது: ஜோஜோ என்று இருந்தவன் யோஷி ஆகலாம், ரிக்கி என்று இருந்தவன் மீக்கோ ஆகலாம். பழைய பெயரைக் கேட்டதும் ஒடுங்கி நடுங்கும் நாயாக இருந்தால் மட்டும் சேர்த்துச் சொல்லும் முறையை விட்டு, முதல் நாளிலிருந்தே புதுப் பெயரில் தொடங்குங்கள்.

காகித வேலையில் பெயரை விட முக்கியமானது உரிமை மாற்றம். மைக்ரோசிப் பதிவு முந்தைய உரிமையாளரின் பெயரிலேயே இருந்தால், நாய் தொலைந்து கிடைக்கும் நாளில் தொலைபேசி அவர் வீட்டில்தான் ஒலிக்கும். அதை மாற்றப் பல தரவுத்தளங்கள் முந்தைய உரிமையாளரின் அல்லது காப்பகத்தின் ஒப்புதலைக் கேட்கும். ஒப்படைப்புக் கடிதத்தை நாயை வாங்கும் அன்றே கையெழுத்துடன் பெற்றுக்கொள்ளுங்கள். அதே விண்ணப்பத்தில் புதுப் பெயரையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு திருத்தங்களும் ஒரே வேலையாக முடியும். தடுப்பூசி அட்டையில் பழைய பெயரை அடித்துவிடாமல், "முன்னர் அழைக்கப்பட்ட பெயர்" என்று குறித்து மருத்துவரின் கையெழுத்தோடு புதுப் பெயரை எழுதச் சொல்லுங்கள்; பழைய ஊசிகளின் பதிவுகள் அப்போதுதான் அந்த நாய்க்குரியவையாகத் தொடரும்.